மூன்று மணிக்குள் மூன்று மவுண்ட்

அந்த வீட்டுக் காரை ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே கண்ணாடி அதிரும், கதவு அதிரும், உள்ளே உட்கார்ந்து பேசுகிறவர்களின் பேச்சும் சேர்ந்து அதிரும். அதனால் தெருவில் அதற்கு ஆட்டக்காரி என்று பேர். வைத்தது வேறு யாருமில்லை, வீட்டுக்காரரின் தங்கைதான். பார்சல் கம்பெனியில் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவள். ஊருக்கெல்லாம் பேர் வைக்கிற அவளுக்கு ஊர் வைத்த பேர் ஹாரன். அவள் குரல் தெருமுனையில் திரும்பும்போதே இங்கே அண்ணி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள்.

அந்த அண்ணி ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். இடுப்பு ஒடிந்து வந்த எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வைத்து அனுப்பியிருக்கிறாள். ஆனால் அவள் வீடு போய்ச் சேர வேண்டுமானால் யாராவது வர வேண்டும். புருஷனுக்கு ஷிஃப்ட் ஒத்துவந்தால் அவர் வருவார். இல்லாவிட்டால் நாத்தனார் வந்து, பார்சல் பெட்டிகளுக்கு நடுவே இடம் பண்ணி உட்கார வைத்துக் கூட்டிப் போவாள். ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்திருந்தால் இன்னொரு படிப்பே படித்து முடித்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். அந்த வாசலை நினைத்தாலே அவளுக்கு எரிச்சல் வரும்.

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. நேர்முகத்தில் தேறிவிட்டாள். சொந்தமாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஓட்டுநர் தேர்வில் தேறிய சீட்டோடு அலுவலகத்தில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும் என்று மேற்பார்வையாளர் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

தேர்வுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போயாகிவிட்டது. முதல் தடவை பின்பக்கமாக எடுக்கையில் கம்பத்தை ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டாம் தடவை, போன சனிக்கிழமை, தேர்வு அதிகாரி ஏறி உட்கார்ந்தார். முன்பலகை மேல் கையை வைத்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி மெல்ல இறங்கி மூக்கு நுனிக்கு வந்து நின்றது.

"அம்மா, இதுல உட்கார்ந்து நான் மார்க் போட்டா அது கோலம் மாதிரி இருக்கும். வண்டிய ரிப்பேர் பண்ணி எடுத்துட்டு வாங்க. அடுத்த சனிக்கிழமை மூணு மணி. இதே மாதிரி வந்தா நான் ஏறவே மாட்டேன்."

அன்றைக்கு வீட்டுக்காரர் இஞ்சின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தங்கையை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். இஞ்சின் இருந்த இடத்தில் இல்லாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. இஞ்சினைக் காரின் உடம்போடு நேராக முடுக்குவதில்லை. இடையில் ரப்பர் வைத்த இரும்புத் தாங்கிகள் மூன்று இருக்கும். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் கியர் பெட்டியின் மேல் ஒன்று, அடியில் பின்னால் ஒன்று. அதற்குத்தான் மவுண்ட் என்று பேர். மூன்றும் போய்விட்டன என்றார். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் தேர்வு நாள் கழிந்து வரும் புதன்கிழமைதான் வண்டியை விடச் சொன்னார்கள்.

"புதன்கிழமை நான் மறுபடி வார்டுக்குப் போயிட்டிருப்பேன்" என்றாள் அவள்.

"நானே மாத்தறேன்."

"நீங்க லிஃப்ட்தானே பாப்பீங்க."

"ஏன், லிஃப்ட் மட்டும் காத்துலயா நிக்குது? வெயிட்டு எங்க உட்காருது, எதுல தொங்குது, அவ்வளவுதான் எல்லா வேலையும்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளையெல்லாம் அவர்தான் பார்க்கிறார். ஆனால் எந்த மாடிக்குப் போனாலும் படியேறித்தான் போவார். கேட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்தவன் ஏறமாட்டான் என்பார். கூட வேலை பார்ப்பவர்கள் அவரைப் படிக்கட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மவுண்டும் வாங்கி வந்தாயிற்று. சனிக்கிழமை காலை ஆறரைக்கே வாசல் களைகட்டிவிட்டது. வானம் மூடாக்காக இருந்தது, காற்று நின்றுபோய்ப் புழுங்கியது. படிக்கட்டு தன் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அறிவிப்புப் பலகையைக் கேட்டில் தொங்கவிட்டார். 'பழுது பார்க்கப்படுகிறது. பொத்தானை அழுத்த வேண்டாம்.'

"எந்தப் பொத்தான அண்ணா? காலிங் பெல்லா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் ஹாரன். அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

"வாய மூடிட்டு வேலையப் பாரு. இங்க ஒரு ரூல் இருக்கு. நான் ஒண்ணு சொன்னா நீங்க ரெண்டு பேரும் அதையே திருப்பிச் சொல்லணும். சொல்லிட்டுத்தான் கைய வைக்கணும். மேல இருக்கிறவன் ஒண்ணு சொல்ல, கீழ இருக்கிறவன் ஒண்ணு கேட்டா, நடுவுல இருக்கிறவன் கதி என்ன ஆகும்? எங்க தொழில்ல அப்படித்தான்."

"எங்க தொழில்ல வேற ரூல்" என்றாள் நர்ஸ். வார்டில் கழித்துப் போட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். "கழட்டுற ஒவ்வொண்ணும் இதுல வரணும். நான் எண்ணுவேன். மூடுறதுக்கு முன்னாடி மறுபடி எண்ணுவேன். உள்ள ஒண்ண விட்டுட்டு மூடினா அப்புறம் மறுபடி வயித்தத் திறக்கணும்."

"நல்லா இருக்கு. ஒருத்தர் சொன்னதத் திருப்பிச் சொல்லணும், ஒருத்தருக்கு எண்ணிக் குடுக்கணும். எங்க கம்பெனில தூக்கு, போடு, ஓடு. அவ்வளவுதான்."

முன் சக்கரங்களைத் தூக்கி இரண்டு இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் செங்கல். பேட்டரி கம்பியைக் கழற்றினார்கள். இஞ்சினின் அடிவயிற்றில் ஜாக்கியை வைத்துப் பாரத்தை ஏந்த வேண்டும், ஆனால் எண்ணெய்த் தொட்டியின் தகட்டில் நேரே வைத்தால் குழிந்துவிடும். நடுவில் ஒரு பலகை வேண்டும். பலகைக்கு வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் காய் வெட்டும் பலகையைக் கொண்டுவந்தாள் நர்ஸ். அதில் நேற்றைய வெங்காயத்தின் வாசம் இன்னும் இருந்தது.

"ஜாக்கி, அரைச் சுத்து மேல."

"ஜாக்கி, அரைச் சுத்து மேல" என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சுற்றினாள் ஹாரன்.

"நிறுத்து."

"நிறுத்து."

"நிறுத்துன்னா நிறுத்தணும்டி."

"அதையும் திருப்பிச் சொல்லவா?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, பரீட்சை அன்றைக்குக் காலையில் வருமே, அந்தப் படபடப்பு. பயம் என்று சொல்ல முடியாது. வாசலில் இஞ்சினைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், மூன்று மணிக்கு அதை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஒரே குஷியாக இருந்தது. இந்த மாதிரி ஒரு காலை அந்த வீட்டில் விடிந்து ரொம்ப நாளாகியிருந்தது.

வலது பக்கத்து மவுண்ட் சொன்னபடி கேட்டது. நான்கு போல்ட்டும் வரிசையாக வந்து தட்டில் விழுந்தன. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நர்ஸ் எண்ணினாள். படிக்கட்டு உள்ளே கைவிட்டு மவுண்டை வெளியே இழுத்தார். அது பாதிதான் வந்தது. மீதிப் பாதியைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. ரப்பர் நடுவில் கிழிந்து, இரும்போடு இரும்பு உரசி உரசிப் பளபளவென்று இருந்தது.

"அடப்பாவி" என்றாள் நர்ஸ், கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து. "மூட்டு ஜவ்வு தேஞ்சுபோன கேஸ் மாதிரியே இருக்கு. இத வச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா ஓடியிருக்கே, பாவம். எவ்வளவு வலிச்சிருக்கும்."

"வண்டிக்கா? உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

புது மவுண்ட் கனமாக, கறுப்பாக, புது ரப்பர் நாற்றத்தோடு இருந்தது. அதை உட்கார வைத்து, நான்கு போல்ட்டையும் கையாலேயே பாதி வரை திருகிவிட்டார்கள். இறுக்குவது கடைசியில்தான் என்றார் படிக்கட்டு. எட்டரை மணிக்கு முதல் மவுண்ட் முடிந்தது. வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மீதி இரண்டும் பத்தரைக்குள் முடிந்துவிடும், அப்புறம் ஒரு குளியல் போட்டு ஒரு தூக்கமும் போடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். நாத்தனாரும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கணக்குப் போட்டு எது அந்த நேரத்துக்கு முடிந்தது.

இரண்டாவது மவுண்டின் நடு போல்ட் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் போட்டால் ஸ்பேனர் வழுக்கியது. துரு எண்ணெய் விட்டு இருபது நிமிஷம் ஊற வைத்தார்கள். மறுபடி முயன்றார்கள். மறுபடி ஊற வைத்தார்கள். படிக்கட்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுக்க, கை நழுவி விரல் முட்டி தகட்டில் உரசி ரத்தம் வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நீளமா ஒரு பைப் இருந்தா ஸ்பேனர் வால்ல சொருகி இழுக்கலாம்" என்றார்.

ஹாரன் வீட்டுக்குள் போனாள். குளியலறைத் திரை தொங்கும் இரும்புக் குழாயைத் திரையோடு கழற்றிக் கொண்டுவந்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து அதில் தொங்கினார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கோ ஒரு 'டக்' கேட்டது.

"உடைஞ்சிருச்சா?" என்று நர்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்றார் அவர். முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் பல். "கழண்டுச்சு."

பதினொன்றே காலுக்குத் தூறல் போட்டது. காரின் மூடியிலிருந்து கேட் வரை பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டினார்கள். அவித்த முட்டையை ரொட்டிக்கு நடுவில் வைத்து, மிளகுத் தூள் தூவி நர்ஸ் கொண்டுவந்தாள். அண்ணன் கையிரண்டும் கிரீஸ் என்பதால் தங்கை ஊட்டிவிட்டாள். அடியில் படுத்தபடியே அவர் மென்றார். ஷீட்டில் மழை பொரிந்தது, கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டது, மூவரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மவுண்டில்தான் வந்தது வினை. பழையதைக் கழற்றியாயிற்று, புதியதை வைத்தாயிற்று, ஆனால் போல்ட் நுழையும் ஓட்டைகள் நேர்ப்படவில்லை. அரை விரல் தள்ளி நின்றது. இத்தனை வருஷமாகச் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்து பழகிய இஞ்சினுக்கு நேராக நிற்க மனசில்லை. ஜாக்கியைக் கால் சுற்று ஏற்றினால் ஓட்டை மேலே போனது, இறக்கினால் கீழே போனது. மணி பன்னிரண்டு ஐந்து.

"சுத்தியல எடு" என்றார் படிக்கட்டு அடியிலிருந்து.

"சுத்தியல எடு" என்று ஹாரன் திருப்பிச் சொன்னாள்.

நர்ஸ் சுத்தியல் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "வேண்டாம்."

"வேண்டாம்" என்று பழக்கதோஷத்தில் அதையும் திருப்பிச் சொன்னாள் ஹாரன்.

"அடிக்காதீங்க. அடிச்சா போல்ட் மரை போயிடும், அப்புறம் அதுக்கு வேற கடைக்கு ஓடணும். இடுப்பு ஒடிஞ்சவர எப்படிப் புரட்டுவோம் தெரியுமா? தூக்க மாட்டோம், தள்ள மாட்டோம். அடியில ஒரு துணியக் குடுத்து ரெண்டு பக்கமும் புடிச்சு, முதல்ல லேசா ஆட்டுவோம். நாலு ஆட்டு ஆட்டினா உடம்பே விட்டுக்குடுக்கும். அப்பப் புரட்டினா அவருக்கே தெரியாது."

"இது இஞ்சின்மா."

"எனக்கு இதுவும் இடுப்பு ஒடிஞ்ச கேஸ்தான். உங்க இடுப்புல கட்டுற பெல்ட்டக் குடுங்க."

உயரத்தில் வேலை பார்க்கும்போது அவர் கட்டிக்கொள்ளும் அகலமான பாதுகாப்புப் பட்டை அது. இஞ்சினின் கீழாக அதைக் கொடுத்து, ஒரு நுனியை ஹாரன் பிடித்தாள், மறு நுனியை நர்ஸ் பிடித்தாள். ஜாக்கி பாரத்தை ஏந்திக்கொண்டிருந்தது, இவர்கள் ஆட்டினால் போதும். பதினோரு வருஷம் வார்டில் சொன்ன அதே குரலில் அவள் சொன்னாள். "நான் சொல்லும்போது. ஒண்ணு, இந்தப் பக்கம். ரெண்டு, அந்தப் பக்கம். மெதுவா. ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு. அப்படியே புடி."

அடியில் அவர் போல்ட்டை ஓட்டையில் வைத்து அழுத்தினார். பிறகு போல்ட் உள்ளே வழுக்கிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போயிருச்சு" என்றார் அவர். நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் சொன்னார். "போயிருச்சும்மா."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கையிலிருந்த பட்டையைச் சுருட்டி நாத்தனார் மேல் எறிந்தாள்.

ஜாக்கியை இறக்கி இஞ்சினைப் புது ரப்பர்களின் மேல் உட்கார விட்டார்கள். ஸ்டாண்டிலிருந்து வண்டியைக் கீழே விட்டார்கள். ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கி முடித்து, பேட்டரி கம்பியையும் மறுபடி மாட்டினார் படிக்கட்டு. தட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்று நர்ஸ் சரிபார்த்தாள். தூறல் விட்டு வெயில் அடித்தது. ஒரு மணிக்கு அவரே உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஒரு தரம் செருமிவிட்டு அடங்கியது.

"ஸ்டார்ட் ஆகலயே" என்றாள் ஹாரன்.

அவர் மறுபடி சாவியைத் திருப்பினார். 'கர்ர்ர்' என்று காது கூசும் ஒரு சத்தம் வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"ஆகியிருக்கு" என்றார். "ஓடிக்கிட்டிருக்கும்மா. ஓடுது, நமக்குத்தான் தெரியல."

மூன்று பேரும் காரின் மேல் கையை வைத்துப் பார்த்தார்கள். உள்ளே எங்கோ மெல்லிய ஒரு முனகல். பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன, இன்னிக்கு வண்டி எடுக்கலையா?" என்று கேட்டாள். மூவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹாரன் ஆட்டக்காரிக்குப் புதுப் பேர் வைக்க வேண்டும் என்றாள். படிக்கட்டு தன் கையையே பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

"இறங்குங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்றாள் நர்ஸ்.

தெருமுனை வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி குதித்து அணைந்தது. ஐந்தாவது தடவை அணைந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஏழாவது தடவை அவள் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, புதுசா ஓட்டற மாதிரி?"

"எப்பப் புடிக்குதுன்னே தெரியல."

"எது?"

"கிளட்ச். முன்னெல்லாம் கால எடுக்க எடுக்க ஸ்டீயரிங் தடதடன்னு கையில அடிக்கும். அடிச்சா புடிச்சிருச்சுன்னு அர்த்தம், ஆக்சிலேட்டர் குடுப்பேன். இப்ப ஒண்ணுமே அடிக்கலயே."

இரண்டு வருஷமாக அவள் அந்த வண்டியில்தான் பழகினாள், வேறெந்த வண்டியையும் தொட்டதில்லை. வண்டிக்கு இருந்த நோயை வைத்தே ஓட்டக் கற்றிருக்கிறாள். காலையிலிருந்து மூன்று பேரும் வியர்வை சிந்தி, ரத்தம் சிந்தி அந்த நோயைக் குணப்படுத்திவிட்டார்கள். பழைய ஆட்டத்தோடு போனால் அதிகாரி ஏறமாட்டார். ஆட்டமில்லாமல் போனால் இவளுக்கு ஓட்ட வராது. மணி ஒன்றரை. தேர்வு நடக்கும் மைதானத்துக்குப் போக முக்கால் மணி நேரம் வேண்டும்.

அப்போது படிக்கட்டு செய்ததை நர்ஸ் எதிர்பார்க்கவில்லை. பேசாமல் குப்பைக் கூடைக்குப் போனார், கிழிந்த பழைய மவுண்ட் ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தார்.

"என்னண்ணா பண்றே?"

"அடியில இருக்கிறத மட்டும் பழசு மாட்டிடறேன். ரெண்டு புதுசு, ஒண்ணு பழசு. கொஞ்சமா ஆடும். அவருக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். அரை மணி நேரம் குடு."

"உனக்குப் பைத்தியமா? காலையிலேர்ந்து உசிரக் குடுத்து..."

"அவளுக்கு அந்த வேலை வேணும்டி" என்றார் அவர். அவ்வளவு மெதுவாக அவர் பேசித் தங்கை கேட்டதில்லை.

நர்ஸுக்கு மனசு என்னவோ செய்தது. இந்த மனுஷனுக்காகவாவது தேறிவிட வேண்டும் என்று தோன்றியது. கூடவே கோபமும் வந்தது, யார் மேலென்று தெரியாமல். காரை விட்டு இறங்கி, "முதல்ல அந்தக் கையக் குடுங்க" என்றாள். காலையில் உரசின விரல் முட்டியில் ரத்தமும் கிரீஸும் காய்ந்து கிடந்தன. அதைக் கழுவி மருந்து வைத்தாள். பழக்கத்தில் அவளுடைய விரல்கள் அவர் மணிக்கட்டுக்குப் போய் நாடியைத் தேடின. தடதடவென்று அடித்தது.

இவ்வளவு வேகமாகவா என்று ஒரு நொடி திகைத்தாள். பிறகுதான் புரிந்தது. படபடப்பில் அவள் அழுத்திப் பிடித்திருந்தாள். அழுத்திப் பிடித்தால் நோயாளியின் நாடி தெரியாது, பிடிக்கிறவளின் நாடிதான் விரல் நுனியில் அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லா நர்ஸும் செய்கிற தப்பு. விரலைத் தளர்த்தினாள். அவருடைய நாடி நிதானமாக, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அத கீழ போடுங்க" என்றாள்.

"எத?"

"அந்தப் பழச. கீழ போடுங்க."

மறுபடி ஏறி உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக ஸ்டீயரிங்கை அவள் உடும்புப் பிடியாகப் பிடித்துத்தான் ஓட்டியிருக்கிறாள், விட்டால் கையை உதறிவிடும் என்பதால். இப்போது விரல்களை மட்டும் மேலே வைத்தாள். காலை மெல்ல, மெல்ல எடுத்தாள். இருந்தது. முன்பு போல அடிக்கவில்லை. முனகல் ஒரு சுருதி இறங்கியது, வண்டியின் மூக்கு ஒரு இழை தூக்கியது, விரல் நுனியில் மிகச் சின்னதாக ஏதோ தட்டியது. ஆக்சிலேட்டரைத் தொட்டாள். வண்டி வழுக்கிக்கொண்டு புறப்பட்டது.

தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்தாள். இன்னொரு தடவை போனாள். இரண்டு தடவை அணைந்தது, நான்கு தடவை அணையவில்லை. "ஏறுங்க ரெண்டு பேரும்" என்றாள். படிக்கட்டு சட்டை மாற்றக்கூட நேரமில்லை. ஹாரன் வழியெல்லாம் பின்னாலிருந்து, "அண்ணி, லாரி. அண்ணி, சைக்கிள். அண்ணி, மாடிப் பஸ்" என்று அறிவித்துக்கொண்டே வந்தாள். தெரியாத தெரு ஒன்றில் நடுச் சந்தியில் வண்டி அணைந்து, பின்னால் பத்து வண்டிகள் கத்தின. நர்ஸ் விரலைத் தளர்த்திக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

மூன்று மணிக்குத் தேர்வு அதிகாரி தூரத்திலேயே காரைப் பார்த்துவிட்டார். முகம் சுருங்கியது. ஏறினார், மூக்குக் கண்ணாடியை முன்னெச்சரிக்கையாகக் கையால் பிடித்துக்கொண்டார்.

"சரி, ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு."

"என்னம்மா விளையாடறீங்களா?"

"கைய வச்சுப் பாருங்க சார்."

அவர் முன்பலகையில் கையை வைத்தார். குனிந்து மீட்டர் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். "எந்த ஒர்க்‌ஷாப்?" என்று கேட்டார்.

"வீட்லயே சார்."

எட்டுப் போடச் சொன்னார், போட்டாள். பின்னால் எடுக்கச் சொன்னார், கம்பம் நின்ற இடத்தில் நின்றது. கடைசியாக மேட்டில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். பழைய ஆட்டக்காரியில் இதுதான் அவளுக்குச் சுலபமாக வரும், அங்கே அவள் கையில் அப்படி அடிக்கும். இப்போது கண்ணாடியில் பின்னால் சரிவு மட்டும் தெரிந்தது. வேலிக்கு வெளியே கிரீஸ் சட்டையோடு ஒருவரும், வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தியும் நின்றார்கள். ஹாரன் வாயைப் பொத்தி யாரும் பார்த்ததில்லை.

நர்ஸ் மூச்சை வெளியே விட்டாள். விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு, காலை ஒரு நூலளவு எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு நூல். வரவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்தார். இன்னொரு நூல். மூக்கு தூக்கியது, விரலில் தட்டியது. கை பிரேக்கை விட்டாள். கார் ஒரு விரல்கூடப் பின்வாங்காமல் மேட்டின் மேல் ஏறிப்போனது.

அதிகாரி அங்கேயே சீட்டில் எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அலுவலகத்துக்கு நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேற்பார்வையாளர் அம்மாள் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு பையையும் ஒரு தாளையும் நீட்டினார். "திங்கக்கிழமைதான் ஆரம்பிக்கணும். ஆனா இன்னிக்கு ஒரு நர்ஸ் வரல. கால்ல கம்பி வச்ச ஒருத்தருக்குக் கட்டு மாத்தணும். போக முடியுமா?"

"முடியும்" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

கீழே வந்து காரின் கதவைத் திறந்தாள். "ரெண்டு பேரும் இறங்குங்க. வேலைக்குப் போறப்ப வண்டியில வேற ஆள் இருக்கக் கூடாதாம்."

"நாங்க எப்படிப் போறது?" என்றார் படிக்கட்டு.

"எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்கே."

"இருந்தாலும்மா, முதல் தடவ தனியா..." என்று அவர் இழுத்தார். ஹாரன் அவர் கையைப் பிடித்து இறக்கினாள். பஸ் ஸ்டாப்பில் கிரீஸ் சட்டையோடு நின்றவரைப் பார்த்து எல்லோரும் ஒரு அடி தள்ளி நின்றார்கள். நர்ஸ் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தாள். கிளட்சை விட்டாள், வண்டி நகர்ந்தது. இரண்டாவது திருப்பத்துக்கு அப்புறம்தான் வண்டியில் யாரும் பேசவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பின்சீட்டு காலி. பக்கத்து சீட்டில் மருந்துப் பை. எந்தத் தெருவில் வேண்டுமானாலும் திரும்பலாம். கண்ணில் நீர் வந்தது. துடைக்க ஒரு கையை எடுக்கலாமா என்று யோசித்து, எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

வீடு சரிவான ஒரு தெருவில் இருந்தது. கதவைத் திறந்தது நோயாளியின் மனைவி. அறுபது வயசிருக்கும், கையில் கரண்டி. வெளியே நிறுத்தியிருந்த காரை எட்டிப் பார்த்தாள்.

"வாங்க சிஸ்டர். அவர் உள்ளதான் படுத்திருக்கார். ஆமா, டிரைவர வெயில்லயே உட்கார வச்சுட்டீங்களா? உள்ள வந்து தண்ணி குடிக்கச் சொல்லுங்க, பாவம்."

"குடுங்கம்மா" என்று நர்ஸ் கையை நீட்டினாள். "டிரைவர் உள்ள வந்துட்டாங்க."